நல்ல படமும் நச்சுப் படமும் – 2016ஆம் ஆண்டின் ஒரு மதிப்பீடு

ஆண்டு முடிந்ததும், அவ்வாண்டில் வெளிவந்த திரைப்படங்களுள் நல்லது எது, தீயது எது என்று தேர்ந்து கூறுவது ஏடுகளின் வழக்கம். இவ்வழக்கத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. சுவரொட்டியின் பசை காயுமுன் வழங்கப்படும் தீர்ப்பு அது. ஆரவாரம் அடங்கியிராது, நடிகரின் இரசிகர்கள் ஒரு பக்கம், அவரை வெறுப்போர் மறு பக்கம் என்று கூச்சல் ஓயாத நேரம். ஆகவே நான் சற்றுப் பின்னோக்கிச் சென்று 2016ஆம் ஆண்டை எடுத்துக்கொள்கிறேன். அவ்வாண்டு என் பள்ளியில் ஆறாம் ஆண்டில் பயின்ற பிள்ளைகள் இன்று இருபது வயதைக் கடந்துவிட்டனர். சிலர் கடல்போல் பரந்த செம்பனைத் தோட்டத்தை விட்டு வெளியேறிப் பட்டணத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்கின்றனர். இருவர் கல்லூரியில் பயில்கின்றனர். அவர்கள் கண்ட படங்கள் அவர்களிடத்தில் எதை விட்டுச் சென்றன என்பதை இப்போது ஓரளவு துணிந்து கூறலாம்.

2016ஐத் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. மலேசியத் தமிழன் யார் என்ற கேள்விக்குச் சென்னையிலிருந்து ஒரு படமும் நம் நாட்டிலிருந்து ஒரு படமும் விடையளிக்க முயன்றதும், இரண்டும் ஒருசேரப் பேசப்பட்டதும் அந்த ஆண்டில்தான்.

நான் திரைப்பட ஆய்வாளன் அல்லேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கற்ற சிறு பயிற்சியே என் அளவுகோல். விளையாடும் பிள்ளையைத் தொலைவில் நின்று கவனிக்க வேண்டும். அவன் யாரைப் போல் நடக்கிறான், யாரைப் போல் பேசுகிறான் என்பதை ஏட்டில் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது அங்குக் கற்பித்த பாடம். என் இளமையில் தோட்டத் திடலில் வெண்திரை கட்டிப் படம் காட்டுவர். தகவல் இலாகா வண்டி வரும் நாளில் பால்மரக் காட்டுக்குச் சென்று திரும்பிய களைப்பையும் மறந்து தாய்மார் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து இடம் பிடிப்பர். மறுநாள் காலையில் லயத்துப் பிள்ளைகள் அனைவரும் எம்.ஜி.ஆராகவோ நம்பியாராகவோ மாறியிருப்போம். நம்பியாராக இருக்க விரும்பியவர் குறைவு. வயதில் இளைய பிள்ளைக்குத்தான் அந்தப் பங்கு கிடைக்கும். இப்போது திடலும் இல்லை, வண்டியும் இல்லை. இரவுச் சந்தையில் வாங்கிய கள்ளக் குறுவட்டும் அண்ணனுடைய கைப்பேசியும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆனால் மறுநாள் காலை மட்டும் மாறவில்லை. திங்கட்கிழமை சபைகூடலின்போது வரிசையில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தே சனி ஞாயிறுகளில் எந்தப் படம் ஓடியது என்று சொல்லிவிடலாம்.

2016 ஜூலை 22ஆம் நாள் ‘கபாலி’ வெளிவந்தது. பா. இரஞ்சித் இயக்கியது, கலைப்புலி தாணு தயாரித்தது, இரஜினிகாந்த் நடித்தது. கதை பெரும்பாலும் மலேசியாவில் நிகழ்வது. மலாய் மொழியில் குரல் மாற்றப்பட்டும் இங்குத் திரையிடப்பட்டது. அதைத் தொடர்ந்து வந்த திங்கட்கிழமையை நான் எளிதில் மறக்க இயலாது. அரைக்கால் சட்டைப் பிள்ளைகளெல்லாம் மேலங்கி அணிந்தவர்போல் தோளை நிமிர்த்தி நடந்து வந்தனர்.

அதில் தவறொன்றும் இல்லை என்றே அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். தோட்டத் தொழிலாளியின் கூலிக்காகக் குரல் கொடுத்த ஒருவன் மேலங்கி அணிந்து, கால்மேல் கால் போட்டு அமர்ந்து பேசுவதைக் காண நம் பிள்ளைகளுக்கு ஒரு வாய்ப்பு ஏற்பட்டது. காந்தியடிகள் மேலாடையைத் துறந்ததற்கும் அம்பேத்கர் மேலங்கி அணிந்ததற்கும் காரணம் உண்டு என்று அப்படம் பேசுகிறது. தோட்டத் தொழிலாளியின் வரலாறு அத்துணைப் பெரிய திரையில், அத்துணைப் பெரிய நடிகரின் வாயிலாகச் சொல்லப்பட்டதை நான் அதற்குமுன் கண்டதில்லை. இருபத்தைந்தாண்டுச் சிறைவாசம் முடிந்து வெளியேறும் கபாலியை இயக்குநர் முதன்முதலில் நமக்குக் காட்டும்போது அவன் கையில் இருப்பது துப்பாக்கி அன்று, ஒரு புத்தகம். ஒய்.பி. சத்தியநாராயணா தம் தந்தையாரைப் பற்றி எழுதிய ‘மை ஃபாதர் பாலையா’ என்னும் நூல் அது. வழிதவறிய இளைஞர்களுக்கென்று ஒரு பள்ளியும் கதையில் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்காரனாகிய எனக்கு இவையெல்லாம் மகிழ்ச்சி தந்தன.

ஆனால் படம் போகப்போக அந்தப் புத்தகம் எங்கோ போய்விடுகிறது. தோட்டம் ஒரு பழைய நினைவாகச் சுருங்கி, கோலாலம்பூரின் உயர்ந்த கட்டிடங்களுக்கு நடுவே பழிக்குப் பழி வாங்கும் கதையாக முடிகிறது. முதன்மைக் கொடியவன் டோனி லீ, சீனன். தைவான் நடிகர் வின்ஸ்டன் சாவ் அவ்வேடத்தைத் திறம்படச் செய்திருக்கிறார். ஆயினும், நம் தோட்டத்து மளிகைக்கடைச் சீனர் கூலி வரும்வரை கடன் எழுதிக்கொண்டு அரிசி கொடுத்ததையும், அவர் பிள்ளைகளோடு நாம் ஒரே ஆற்றில் மீன் பிடித்ததையும் அறிந்தவர்க்கு, இது வந்து பார்த்துவிட்டுப் போன விருந்தினர் எழுதிய மலேசியா என்பது விளங்கும். மலாய்க்காரர் கதையில் இருக்கும் இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முடிவைப் பற்றியும் ஒரு சொல். மூலப் படத்தில் கபாலியை நோக்கி ஓர் இளைஞன் வருகிறான், வெடிச்சத்தம் கேட்கிறது, என்ன ஆயிற்று என்பது நம் எண்ணத்துக்கு விடப்படுகிறது. மலேசியாவில் காட்டப்பட்ட படத்தின் இறுதியில் கபாலி காவல்துறையிடம் சரணடைந்ததாக எழுத்தில் ஓர் அறிவிப்புச் சேர்க்கப்பட்டிருந்தது. சட்டத்தின் நோக்கம் நல்லதுதான். ஆனால் இரண்டரை மணி நேரம் கண்ணால் கண்டதை ஒரு வரி எழுத்து அழித்துவிடுமா? எழுத்தின் வலிமையில் நம்பிக்கை வைத்துப் பிழைக்கும் ஆசிரியன் நான். எனக்கே அந்நம்பிக்கை வரவில்லை. அவ்வாரம் நான் கண்ட சான்று இது: கணக்கு ஏட்டின் அட்டையில் ‘43’ என்று பெரிதாக எழுதி, அதைச் சுற்றித் தீப்பிழம்பு வரைந்திருந்தான் ஒரு பையன். படத்தில் வரும் குண்டர் கும்பலின் எண் அது. நம் நாட்டில் இத்தகைய எண்கள் விளையாட்டல்ல என்பதை நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிறகு ஆறாம் ஆண்டு வகுப்பில், “படத் தொடக்கத்தில் சிறையில் கபாலியின் கையில் என்ன இருந்தது?” என்று கேட்டேன். முப்பத்தொரு பிள்ளைகளில் ஒருத்தி மட்டும், “புத்தகம், சார்” என்றாள்.

அந்த ஒருத்திக்காகக் ‘கபாலி’யைத் தீய படங்களில் சேர்க்க எனக்கு மனமில்லை. மற்ற முப்பது பேருக்காக நல்ல படங்களிலும் சேர்க்கவில்லை.

அவ்வாண்டின் தலைசிறந்த படம் என்று நான் கொள்வது ‘ஜகாட்’. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய இம்மலேசியப் படம் திரைக்கு வந்தது 2015 டிசம்பர் 17இல் என்பதை அறிவேன். ஆயினும் ஊர்களில் அது பேசப்பட்டதும், நானே கண்டதும், பரிசு பெற்றதும் 2016இல்தான். அவ்வாண்டின் 28ஆம் மலேசியத் திரைப்பட விழாவில் மலாய்ப் படங்களை ஒரு பிரிவாகவும் பிறமொழிப் படங்களை வேறொரு பிரிவாகவும் வைத்துப் போட்டி நடத்த முயன்றபோது, எல்லா இனக் கலைஞர்களிடமிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. ஏற்பாடு மாற்றப்பட்டது. மலேசியாவின் சிறந்த திரைப்படம் என்னும் பரிசு இந்தத் தமிழ்ப் படத்துக்குக் கிடைத்தது. பரிசைவிட அந்த எதிர்ப்பு எனக்குப் பெரிதாகப் பட்டது.

‘ஜஹாட்’ என்னும் மலாய்ச் சொல்லுக்குக் கெட்டவன், பொல்லாதவன் என்று பொருள். நம்மவர் வாயில் அது ‘ஜகாட்’ ஆயிற்று. தலைப்பிலேயே தோட்டத்துத் தமிழ் ஒலிக்கிறது. 1990களின் தொடக்கம். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வெளியேற, பட்டணத்து ஓரங்களில் பலகை வீடுகள் பெருகிய காலம். அப்போய் என்னும் பன்னிரண்டு வயதுப் பையன். மணியம் என்னும் தகப்பன். தகப்பனுடைய தம்பியர் இருவர். ஒருவன் போதைப்பழக்கத்திலிருந்து மீண்டு அமைதி தேடுகிறவன். மற்றவன் குண்டர் கும்பலைச் சேர்ந்த ‘மெக்சிக்கோ’. பையன் கெட்டிக்காரன், குறும்பன். மகன் எப்படியாவது படித்து முன்னேற வேண்டும் என்று தகப்பன் தவிக்கிறான்; அந்தத் தவிப்பு அடியாக வந்து விழுகிறது. பையனைக் கண்டு மனம்விட்டுச் சிரிப்பவர் கும்பல்காரரே.

கதை இவ்வளவே. இதில் சண்டைக்கு இசை கிடையாது. குண்டனுக்கு மேலங்கி கிடையாது. மெக்சிக்கோவின் வாழ்க்கை எவ்வளவு சிறியது, எவ்வளவு அச்சம் நிறைந்தது என்பதை இயக்குநர் மறைக்கவில்லை. அப்படியிருந்தும் பையன் அவ்வழியில் ஈர்க்கப்படுவது நமக்குப் புரிகிறது. இந்தப் புரிதலைக் ‘கபாலி’ தரவில்லை. அங்கே கும்பலுக்குள் போனவன் கதாநாயகன். இங்கே அவன் நம் வகுப்பின் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தவன். பேச்சு முழுவதும் நம் நாட்டுத் தமிழ். அதைக் கேட்டு, “இது தமிழா?” என்று முகம் சுளித்த தமிழன்பர்களை நான் அறிவேன். இலக்கணம் கற்பிக்கும் எனக்கும் மனக்குறை உண்டுதான். ஆனால் அப்போய் செந்தமிழ் பேசியிருந்தால் நாம் அவனை நம்பியிருக்க மாட்டோம்.

படம் முடிந்து விளக்கு எரிந்த பின்னும் நான் சிறிது நேரம் எழவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 1990களின் நடுவில், பயிற்சி முடித்து வந்த புதிதில், என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். ‘நான் விரும்பும் இடம்’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். தேர்வு நெருங்கிய நேரம். மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்து அப்படியே எழுத வேண்டும் என்பது கட்டளை. மற்றவரெல்லாம் கேமரன் மலையை எழுதினர். அவன் லயத்துக்குப் பின்புறம் ஓடும் சாக்கடையை எழுதியிருந்தான். மழைநாளில் அதில் என்னென்ன மிதந்து வரும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தான். கேலி செய்கிறான் என்று எண்ணி, வகுப்பு முழுவதும் பார்க்கப் பிரம்பால் அடித்தேன். இடைநிலைப்பள்ளியில் இரண்டாண்டுகூட அவன் நிலைக்கவில்லை. பின்னாளில் அவன் பெயரைக் காவல்நிலையச் செய்தியாகத்தான் கேள்வியுற்றேன். என் பிரம்படிதான் அவனை அங்கே கொண்டுபோய் விட்டது என்று சொல்லிக்கொள்வது என்னை மிகப் பெரியவனாக ஆக்கிக்கொள்வதாகும். ஆனால் அவன் எழுதியது நல்ல கட்டுரை. அதை அன்று நான் அறியவில்லை. ‘ஜகாட்’ அறிவித்தது.

பிற நல்ல படங்களைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். வெற்றிமாறனின் ‘விசாரணை’ கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் எழுதிய ‘லாக்கப்’ என்னும் நூலைத் தழுவியது. பிழைக்கப் போன இடத்தில், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி ஆந்திரக் காவலர் தமிழ்த் தொழிலாளரை அடிக்கும் கதை. பாட்டு இல்லை, ஆறுதல் இல்லை. மிக உயர்ந்த படம். இரண்டாம் முறை காண எனக்குத் துணிவில்லை.

இராஜு முருகனின் ‘ஜோக்கர்’ என் மனத்துக்கு இன்னும் நெருங்கியது. தருமபுரிப் பக்கத்துச் சிற்றூரில், தன்னை இந்தியாவின் குடியரசுத் தலைவர் என்று நம்பிக்கொண்டு ஆணைகள் பிறப்பிக்கும் ஒருவன். ஊர் சிரிக்கிறது, நாமும் சிரிக்கிறோம். பிறகுதான் தெரிகிறது: அவன் மனைவி விரும்பியது ஒரு கழிப்பறை. அரசுத் திட்டப் பணத்தைப் பலரும் தின்று தீர்க்க, அரைகுறையாகக் கட்டப்பட்ட அது அவள்மீதே இடிந்து விழுந்து, உயிர் மட்டும் மிஞ்சிய நிலையில் அவள் கிடக்கிறாள். குரு சோமசுந்தரம் நடித்தார் என்று எழுதக் கை தயங்குகிறது, வாழ்ந்தார். லயத்தில் பத்துக் குடும்பத்துக்கு இரண்டு கழிப்பறை என்றிருந்த நாளில், இருட்டும் வரை காத்திருந்த தாய்மாரை நான் அறிவேன். இந்தியாவின் தேசிய விருதுகளில் அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப்படமாக இது தேர்ந்தெடுக்கப்பட்டபோது, தேர்வுக் குழுவினர்மேல் எனக்கு நெடுநாளாக இருந்த வருத்தம் சற்றுக் குறைந்தது.

பள்ளிக்கூடத்தைப் பற்றிய படங்களும் அவ்வாண்டில் இரண்டு வந்தன. சமுத்திரக்கனியின் ‘அப்பா’வை ஆசிரியர்கள் பாராட்டவேண்டும் என்று பலர் எதிர்பார்த்தனர். கருத்து நல்லதே. ஆனால் படம் நம்மை உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறது; நாள்தோறும் பாடம் நடத்துகிறவனுக்கு அதன் சலிப்பு விரைவில் விளங்கும். அதைவிட ‘அம்மா கணக்கு’ எனக்குப் பிடித்தது. வீட்டுவேலை செய்யும் தாய், மகள் படிக்கும் பத்தாம் வகுப்பிலேயே தானும் சேர்ந்து கணக்குப் படிக்கிறாள். குறைகள் உண்டு, ஆயினும் கணக்குத் தெரியாமையின் வெட்கத்தை அது அறிந்திருக்கிறது. அவ்வாண்டின் இழப்பு ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். பாடலாசிரியர் நா. முத்துக்குமார் ஆகஸ்டு 14ஆம் நாள் மறைந்தார், வயது 41. ‘தங்க மீன்கள்’, ‘சைவம்’ என்று அடுத்தடுத்து இரு படங்களின் பாட்டுக்குத் தேசிய விருது பெற்றவர். திரைப்பாட்டில் பிள்ளைகளின் உலகத்தைத் தொடத் தெரிந்த கவிஞர் பலர் இல்லை.

இனித் தீய படம். ‘ரெமோ’ என்று சொன்னால் நேயர்களில் பாதிப் பேர் வியப்பர். அதில் வெட்டுக்குத்து இல்லை, ஆபாசம் இல்லை, குடும்பத்தோடு பார்த்துச் சிரிக்கலாம் என்று விளம்பரம் செய்யப்பட்ட படம். பி.சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவு கண்ணுக்கு விருந்து. அனிருத்தின் இசையைப் பள்ளிப் பேருந்து ஓட்டுநர்கூட முணுமுணுத்தார். சிவகார்த்திகேயன் பெண் வேடத்தில் நன்றாகவே நடித்தார். இத்தனை திறமையும் ஒன்றுசேர்ந்து எதைச் சொல்லின என்பதே என் கேள்வி. ஒரு பெண்ணைக் கண்டு விரும்புகிறான் ஒருவன். அவளுக்குத் திருமணம் உறுதியாகிவிட்டது. அவன் தாதியாக வேடமிட்டு, அவள் மருத்துவராக வேலைபார்க்கும் இடத்திலேயே புகுந்து, தோழிபோல் பழகி, அவள் மனத்தில் உள்ளதையெல்லாம் கேட்டறிந்து, அந்தத் திருமணத்தைக் கெடுத்து அவளை அடைகிறான். உண்மை வெளிப்படும்போது அவள் சினப்பது சில நிமிடங்கள். பிறகு மனம் இளகிவிடுகிறாள். பின்தொடர்வது அன்பு, பொய் சொல்வது முயற்சி, பெண் மறுப்பது ஒரு கட்டம்: இதைத்தான் படம் இனிக்க இனிக்கச் சொல்லிக்கொடுக்கிறது.

அதே ஆண்டு ஜூன் 24ஆம் நாள் சென்னை நுங்கம்பாக்கம் இரயில் நிலையத்தில் காலை நேரத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டாள். குற்றம் சாட்டப்பட்டவர், வழக்கு விசாரணை நடக்குமுன்பே சிறையில் இறந்தார்; ஆகவே நடந்தது ஏன் என்பதைப் பற்றி நாம் தீர்ப்புக் கூற இயலாது. படங்கள்தாம் காரணம் என்று நான் கூறவுமில்லை. ஆனால் விருப்பமில்லாத பெண்ணைத் துரத்துவதைக் காதல் என்று காட்டலாமா என்று தமிழகத்தில் பலர் அப்போது வாய்விட்டுக் கேட்டனர். அந்தக் குரல் அடங்குமுன், அக்டோபர் 7ஆம் நாள், இப்படம் வந்து சிரித்துக்கொண்டு நின்றது.

எங்கள் பள்ளியிலும் ஒன்று நிகழ்ந்தது. ஒரு பையன் ஒரு சிறுமியின் புத்தகப்பையில் நாள்தோறும் துண்டுத்தாள் வைத்தான். அவள் கிழித்துப் போட்டாள், மறுநாளும் வைத்தான். ஆசிரியையிடம் சொன்னாள், மறுநாளும் வைத்தான். அழைத்துக் கேட்டேன். அவன் அஞ்சவுமில்லை, முரண்டு பிடிக்கவுமில்லை. “முதல்ல கோவிச்சுக்குவாங்க சார், அப்புறம் சிரிச்சிடுவாங்க” என்று எனக்குச் சொல்லிக்கொடுப்பவன்போல் சொன்னான். அவள் நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. குண்டர் படத்தைப் பார்த்துவிட்டு வருபவன் தன் செயல் தவறென்று அறிந்தே செய்கிறான். பிரம்பைக் கண்டால் ஒளிகிறான். இவனுக்குத் தான் செய்வது தவறென்றே தெரியவில்லை. அதனால்தான் வெட்டுக்குத்துப் படங்களையெல்லாம் விட்டு இதைத் தீயது என்கிறேன்.

செப்டம்பரில் வந்த ‘இருமுகன்’ வெறும் அசட்டுத்தனம். மலேசியாவை ஓர் அலங்கார அரங்காக்கி, மூச்சிழுப்புக் குப்பி ஒன்றை உறிஞ்சினால் ஐந்து நிமிடம் யானைப்பலம் வரும் என்று கதை கட்டினர். எங்கள் பள்ளியில் ஆஸ்துமா உள்ள சிறுவன் ஒருவன் சில நாட்களுக்கு எல்லாராலும் மதிக்கப்பட்டான். அப்படம் செய்த ஒரே நன்மை அது.

தீயதைத் தடுக்க நம்மால் இயலாது. நல்லதையாவது காட்டலாம் என்று எண்ணி, ‘ஜகாட்’ படத்தை ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் திரையிடலாமா என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேட்டேன். அடிதடி, புகை, வசைமொழி எல்லாம் இருக்கிறதே என்றனர். அவர்கள் சொன்னது சரி. அப்படியானால் பெற்றோருக்கே காட்டுவோம் என்று முடிவாயிற்று. ஒரு சனிக்கிழமை மாலை பள்ளி மண்டபத்தில் எண்பது நாற்காலி போட்டோம். பத்தொன்பது பேர் வந்தனர். அவர்களுள் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர் ஒருவர், வேலைச் சட்டையோடு கடைசி வரிசையில் அமர்ந்தவர், படம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்க எனக்கு உதவினார். படத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. வாசலில் நின்று, “சார், அந்தப் பையன் இப்ப என்ன ஆனான்?” என்று கேட்டார். அது நடிப்பு என்றும், நடித்த பையன் நலமாகவே இருப்பான் என்றும் கூறினேன். அவர் தலையசைத்தார், நான் சொன்னதை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பியவர், மறுபடியும் நிறுத்திவிட்டு, தம் மகன் கட்டுரை ஏட்டைத் திங்கட்கிழமை வந்து பார்க்கலாமா என்று கேட்டுவிட்டுப் போனார்.